போதை பண்ணின வேலை

“நேத்து நான் ஏதாவது தப்பா நடந்துகிட்டேனாம்மா?”

ஊயெனோ ரயில் பாலத்தடியில் இருக்கும் கோழிக்கறி சுட்டுத் தரும் எங்கள் மதுக்கடைக்கு இனிப்புப் பெட்டியோடு வந்த குரமோச்சி சார் என்னிடம் கேட்டார். இங்கே நடக்கும் ஒவ்வொரு அலுவலக விருந்துக்கும் மறுநாள் அவர் கேட்பதுதான். இந்த முறை, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் மியோவும் அழுது வீங்கிய முகத்தோடு கூட நின்றாள்.

“இவங்க தலையில பீரைக் கொட்டி, கட்டிக்க ஆளில்லாத கழுதைன்னு திட்டினீங்க சார். அப்புறம் டையைத் தலையில கட்டிக்கிட்டு மேசை மேல ஆடினீங்க.”

“ஐயையோ! எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. எல்லாம் போதை பண்ணின வேலை. இதுக்குப் போய் வேலையை விடுறேங்கிறா. குடிச்சவன் பேச்சைப் பெரிசு பண்ணலாமா? நீயே சொல்லும்மா!”

எனக்கு அதிகம் பேச வராது. மியோவின் முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

“நேத்து மத்தியானம் உங்க வீட்டம்மா போன் பண்ணி அழுதாங்க சார். இனிமே குடிச்சா உங்க ஈரல் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராமே? அதனால முதல் குவளையிலருந்தே உங்களுக்கு ஊத்தினது போதையில்லாத பீருதான்.”

மியோ நிமிர்ந்து பார்த்தாள். “அப்போ திட்டினது யாரு சார்?”

குரமோச்சி சார் இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.