கால் குதிரைத் திறன்

"மூட்டையோட ஏறணும்ண்ணே. கீழ்ப்படியில ஆரம்பிச்சு மேல கிடங்கு வரைக்கும். நான் நேரம் பார்ப்பேன், அவ்வளவுதான்" என்றான் பிரவீன்ராஜ், கையில் செல்போனை வைத்துக்கொண்டு.

மூட்டை தூக்கும் தங்கையன் படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிரவீன்ராஜ் முதலாளியின் மகன், இன்ஜினியரிங் படிக்கிறவன். லீவு விட்டால்கூட காந்தி மார்க்கெட் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். அப்படிப்பட்டவன் இன்று காலையிலேயே அப்பாவின் வெங்காய மண்டிக்கு வந்து, சுமை தூக்குகிறவர்களை எடை பார்த்து, மாடிப்படியின் உயரத்தை டேப் பிடித்து அளந்தால் என்ன அர்த்தம்?

"எதுக்கு தம்பி இதெல்லாம்?"

"எடை, உயரம், நேரம் மூணும் தெரிஞ்சா ஒருத்தர்கிட்ட எவ்வளவு சக்தி இருக்குன்னு கணக்குப் போட்டுடலாம். அப்பா அளந்து சொல்லச் சொன்னாரு. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. போன மாதம்தான் கூட மூட்டை தூக்கிய அழகர்சாமி படியில் மூட்டையைத் தவற விட்டார். மறுநாளே கணக்கு முடித்து முசிறி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அடுத்தது தன் தலைதான் என்று தங்கையனுக்குப் பட்டது. வயது ஐம்பத்தாறு. மகள் கலைமதியின் நர்சிங் படிப்பு இன்னும் பாதி பாக்கி. வலது முட்டி வேறு ஆறு மாதமாக உயிரை எடுக்கிறது. அதைப் பற்றி மண்டியில் அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

முதலில் நஜிமுதீன் மூட்டையைத் தூக்கினான். முப்பத்தைந்து வயதுக்காரன், ஆனால் மாப்பிள்ளை ஊர்வலம் போல ஆடி அசைந்து ஏறினான்.

"வேகமா ஏறுடா! வேலை போயிடும்!" என்று பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார் தங்கையன்.

"அளக்கறவங்க அளக்கட்டும்ண்ணே. என் நடை இதுதான்."

மேலே போய்ச் சேர்ந்ததும் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினான். பிரவீன்ராஜ் உதட்டைப் பிதுக்கினான். இவன் கதை முடிந்தது என்று தங்கையன் பரிதாபப்பட்டார்.

பிறகு சாக்கு அடுக்குக்குப் பின்னால் போய், வேட்டியைத் தூக்கி, முட்டியில் தைலத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். மலைக்கோட்டைப் பிள்ளையாரே, இந்த ஒரு தடவை மானத்தைக் காப்பாத்து.

"ரெடியா அண்ணே?"

"நான் எப்பவும் ரெடி தம்பி!"

ஏறினார். சுவரைப் பிடிக்கவில்லை. நாய் துரத்துவது போல பயம் பின்னாலேயே வந்தது. பாதிப் படியில் முட்டிக்குள் ஏதோ நறுக்கென்றது. கண் இருட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு மிச்சப் படிகளையும் தாவி ஏறி, மூட்டையை அலுங்காமல் இறக்கினார். ஆடுகிற காலை மூட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"சூப்பர்ண்ணே! மூட்டை ஐம்பது கிலோ, நீங்க அறுபது, உயரம் நாலு மீட்டர், இருபது செகண்டு... கால் குதிரைத் திறனுக்கு மேல வருது! இருக்கறதுலயே நீங்கதான் ஃபர்ஸ்ட்!"

"வேணும்னா இன்னொரு தடவை ஏறிக் காட்டட்டுமா?" என்று கேட்டே விட்டார். வாய்க்கு என்ன, வலிக்கவா போகிறது?

சற்று நேரத்தில் கல்லாவிலிருந்து முதலாளி ஜெயக்குமார் கூப்பிட்டார். தங்கையன் நொண்டாமல் நடக்க மிகவும் சிரமப்பட்டார்.

"முதலாளி... என் வேலைக்கு ஒண்ணும் பங்கம் இல்லைங்களே?"

"உன்னை யாருய்யா அனுப்புறா? இந்த வயசுல இப்படி மூட்டை தூக்க வேற எவன் கிடைப்பான்?"

தங்கையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்கூட லேசாகக் கலங்கியது.

முதலாளி சிரித்தார். "ஆனா உன் வீட்டுக்காரி வீரம்மா கெட்டிக்காரிய்யா. நேத்து என் வீட்டுக்கு வந்து, 'அவருக்கு முட்டி தேஞ்சு போச்சுங்க, வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு, அதே சம்பளத்துல உட்கார்ந்து எடை போடுற வேலை குடுங்க'ன்னு ஒரே அழுகை. நிஜமான்னு பார்க்கத்தான் பையனை விட்டு அளக்கச் சொன்னேன். சரி சரி, அந்த வேலைக்கு நஜிமுதீனைப் போட்டாச்சு. நீ போய் லாரியில வந்திருக்கிற லோடை மாடிக்கு ஏத்து."