திரையின் முதுகு

“சார், என் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுங்க.”

இன்டர்ன்ஷிப்பில் வேலை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் கல்லூரியில் அனுப்பினார்கள். முதலீட்டாளர்கள் வரும்போது அலுவலகம் நிறைந்து தெரிய வேண்டும். அதற்காக ஒன்பது மாணவர்கள் செத்த கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தோம். வருகிறவர்களுக்குத் திரையின் முதுகுதான் தெரியும்.

மேனேஜர் தியாகு சிரித்தபடி ஒரு தாளை என் மேசையில் வைத்தார். “சர்டிஃபிகேட்ல கையெழுத்தே போட்டாச்சும்மா. அது இல்லாட்டி உனக்கு டிகிரி கிடையாது. வீட்ல நீதான் முதல் பட்டதாரியாமே? அப்புறம் கரண்ட் எதுக்கு?”

கீபோர்டைப் பார்த்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் தட்டித் தட்டியே எழுத்தெல்லாம் அழிந்திருந்தது.

லிஃப்ட் திறந்தது. “வந்துட்டாங்க, தட்டுங்க!” என்றார்.

எட்டுப் பேர் தட்டினார்கள். நான் என் திரையை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன். சர்டிஃபிகேட்டை மேசையிலேயே விட்டுவிட்டு, வந்தவர்களுக்கு நடுவே புகுந்து வெளியே நடந்தேன்.