மஞ்சள் பல்பு

"மனித குலம் கண்ட வீழ்ச்சிகளிலெல்லாம் பெரிய வீழ்ச்சி, புதிர் விளையாட்டில் மஞ்சள் பல்பை அமுக்கிக் குறிப்புக் கேட்பதுதான்." கல்லூரி இதழுக்கு எழுதும் விமர்சனத்தின் முதல் வரியை அண்ணன் கணீரென்று படிக்கிறான். மேசைக்கு எதிர்ப்பக்கம் தங்கை தன் கைப்பேசியில் அதே விளையாட்டின் பல்பை அமுக்கிவிட்டு, குறிப்புக்கு முன்னால் வரும் சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்; சத்தம் வராமலிருக்க ஸ்பீக்கரைக் கட்டைவிரலால் பொத்தியிருக்கிறாள். "வெக்கமா இல்ல? மூளைய அடகு வெச்சுட்டியா?" என்கிறான். "எனக்கென்ன வெக்கம்? அறுபதாவது கட்டம் வந்துட்டேன். நீ?" "எல்லாம் முடிச்சாச்சு." உண்மையில் அவனுக்கு நாற்பத்திரண்டாவது கட்டத்திலேயே மூன்று நாளாக ஒரு பச்சைப் பெட்டி மூலையில் சிக்கிக் கிடக்கிறது. "நெஜமாவா! பல்பே தொடாமலா? பெரிய ஆளுதான்ணா நீ. கடைசில என்ன வரும், சொல்லேன்." அவள் குரலில் கிண்டல் துளியும் இல்லை, அதுதான் சுடுகிறது. காதுமடல் சிவக்க, "இரு, வந்து சொல்றேன்" என்று குளியலறைக்குள் போய்த் தாழிடுகிறான். குழாயைத் திறந்துவிடுகிறான். வாளியில் தண்ணீர் தடதடவென்று விழுகிறது. கைப்பேசியின் வெளிச்சம் ஈரச் சுவரில் நடுங்குகிறது. பல்பை அமுக்கிவிட்டு, ஸ்பீக்கரைக் கட்டைவிரலால் பொத்தியபடி, சோப்பு விளம்பரத்தைத் தலைகுனிந்து முழுசாகப் பார்க்கிறான்.