புத்தகத்தில் கொட்டிய அருவி

"இதுவா அருவி? எங்க வீட்டுக் குழாயிலகூட இதைவிட வேகமா தண்ணி வரும்!"

சுற்றுலா வழிகாட்டி நெளிந்தார். அந்த அம்மாள் விடவில்லை. கையிலிருந்த பயண நூலைப் பிரித்து உரக்கப் படித்தாள்.

"'வானமே உடைந்து கொட்டுகிறது. சாரலில் நனைந்து என்னையே மறந்தேன்.' நனைஞ்சானாம்! நாற்காலியை விட்டு எழுந்திருக்காத சோம்பேறி!"

வேனில் வந்த கூட்டம் சிரித்தது. அவள் கணவர் மட்டும் சிரிக்காமல், இரண்டு தோளிலும் பைகளோடு பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அந்தக் கோட்டையும் இப்படித்தான். தங்கமா மின்னும்னு எழுதியிருக்கான். போய்ப் பார்த்தா, பாசி பிடிச்ச சுவரு!"

"விடுங்கம்மா. எழுதுறவங்க கொஞ்சம் அளந்து விடத்தான் செய்வாங்க."

"கொஞ்சமா? கட்டினவளைத் தெருமுனைக்குக்கூடக் கூட்டிட்டுப் போகாதவன், ஊருக்கெல்லாம் உலகத்தைச் சுத்திக் காட்டுறானாம்!"

வழிகாட்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஆள் உங்க கையில கிடைச்சா என்னம்மா பண்ணுவீங்க?"

"கிடைச்சு இருபது வருஷமாச்சு. அதான், எழுதின இடத்துக்கெல்லாம் பையைத் தூக்கவெச்சு இழுத்துட்டுப் போறேன்" என்றவள், கணவர் பக்கம் திரும்பினாள்.

"நடங்க. உங்க உலகத்துல இன்னும் பாதி பாக்கி இருக்கு."