எதிரணிக்குக் கேட்கக் கூடாது

அமெரிக்கா வந்ததிலிருந்து தமயந்தி வாய்விட்டுச் சத்தமாகப் பேசியதே இல்லை. கீழ்வீட்டுக்காரர் புகார் செய்த பிறகு மிக்சியைக்கூடத் துண்டின் மேல் வைத்துத்தான் ஓட்டினாள். அப்படிப்பட்டவளைத்தான் அவள் கணவன் பரிதி உள்ளூர் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு அழைத்துப் போனான். உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தாலும், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எதிரணி பந்தோடு, தாண்டினால் வெற்றி என்ற கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அரங்கமே எழுந்து நின்று ஊளையிட்டது. காலடியில் சிமெண்ட் அதிர்ந்தது.

“ஏனுங்க, எதுக்கு இப்படிக் கத்தறாங்க?”

“எதிர் டீம் கேப்டன் சொல்றது அவுங்க ஆளுகளுக்கே கேக்கக் கூடாது. அதான். நீயும் கத்து புள்ள!”

தமயந்தி சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. முன்வரிசையில் முகமெல்லாம் சாயம் பூசியிருந்த தாடிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார். அதே நொடியில் எதிரணிக்காரன் ஒருவன் பந்து கிளம்பும் முன்பே அவசரப்பட்டு அசைந்துவிட்டான். நடுவரின் மஞ்சள் துணி பறந்து விழுந்தது. தண்டனையாக எதிரணி பின்னால் தள்ளப்பட்டது.

“இந்தம்மாதான்! இந்தம்மா கத்துனதுலதான்!” என்று தாடிக்காரர் ஆங்கிலத்தில் ஊரைக் கூட்டினார்.

பரிதி மனைவியையே பார்த்தான். “புள்ள, உனக்கு இப்படியொரு தொண்டையா?”

அதற்குள் எதிரணி மறுபடியும் வரிசையில் நின்றுவிட்டது. தமயந்தி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.