தூண் தள்ளிய விபூதி

தூணிலிருந்து விபூதி கொட்டுகிறது என்று முதலில் கத்தியது மல்லிகா.

"அரே, தேக்கோ தேக்கோ! பாருங்க, கல்லே விபூதி தள்ளுது!"

லம்பா லைன் பிள்ளையார் கோயிலில் அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த கல்தூண். கடலைப் பார்த்த பக்கம் வெள்ளையாகப் பூத்து உதிர்ந்தது. சாலையைப் பார்த்த பக்கம் பஸ் புகை படிந்து கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அதையும் ஒருவர் சுரண்டி, ரட்சை என்று நெற்றியில் இட்டுக்கொண்டார்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற உதயசூரியனுக்கு மட்டும் பக்தி வரவில்லை. வியர்த்தது.

கோயிலைக் கட்டிய கான்ட்ராக்டர் அவர்தான். தூணுக்கு அடியில் போட்டது கடல் மணல். கழுவாத மணல். அந்த உப்பு மழை ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி, வெயிலில் வெளியே வந்து, கல்லையும் உரித்துக்கொண்டிருந்தது.

புதிய கல்யாண மண்டபம் கட்டும் வேலை யாருக்கு என்று அன்று முடிவாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக் கப்பல் ஏற வேண்டியதுதான்.

முடிவு சொல்ல வேண்டியவர் கோயில் செயலாளர் சிவஞானம். அவர் விபூதியைப் பூசுவதோடு நிற்பவர் அல்ல. ஒரு சிட்டிகை வாயிலும் போடுவார்.

உதயசூரியன் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டார். அவரை ஏமாற்றிவிட்டு அவரிடமே வேண்டுவது அசிங்கமாகத்தான் இருந்தது. பக்கத்தில் வேறு சாமி இல்லை.

சிவஞானம் நெற்றியில் இட்டார். மிச்சத்தை நாக்கில் வைத்தார்.

முகம் கோணியது. கண்கள் இறுக மூடிக்கொண்டன. தோள் ஒருமுறை குலுங்கியது.

"சாமி இறங்கிருச்சு!" என்றாள் மல்லிகா.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உண்டியலில் காசு விழும் சத்தம் நிற்கவே இல்லை.

சிவஞானம் கண் திறந்தார். தூணைப் பார்த்தார். உண்டியலைப் பார்த்தார். ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி மொத்தமாகக் குடித்தார்.

பிறகு உதயசூரியனின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"மண்டபம் உங்களுக்குத்தான் உதயா, பக்கா. முன்வாசல் தூண் ரெண்டும் இதே மாதிரி இருக்கட்டும்."

உதயசூரியனுக்கு மூச்சு வந்தது.

"சமையல்கட்டுக்கு மட்டும் நல்ல மணலாப் போடுங்க. சாம்பாருக்கு உப்பு நாங்களே போட்டுக்கறோம்."