வீட்டுக்காரர் வாங்கிய முழு மார்க்

நாற்பது கேள்விகளில் முப்பத்தொன்பதை முடித்த கையோடு எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

திரையின் மூலையில் அவள் வீட்டுக்காரரின் புகைப்படம், மீசையோடு. அதன் கீழே 'பயிற்சி பெறுபவர்' என்று போட்டிருந்தது.

பயிற்சி பெறுபவர் அந்த நேரத்தில் யாருடைய மொட்டைமாடியிலோ நின்று தண்ணீர்த் தொட்டிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு கட்டும் காண்ட்ராக்டர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டட விதிகளைப் புதிதாகப் படித்துத் தேறினால்தான் லைசென்ஸ் நீளும். எட்டு மணி நேரம் வீடியோ, அப்புறம் தேர்வு. பாவம், வேலையாக இருப்பார்கள் என்று எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் முடித்துக்கொள்ள அரசாங்கம் சலுகை கொடுத்தது. வீட்டிலிருப்பது யார் என்று அரசாங்கம் யோசிக்கவில்லை.

ஆகவே ஊரில் கட்டட விதி தெரிந்தவர்கள் எல்லாம் பெண்கள். கட்டுகிறவர்கள் எல்லாம் ஆண்கள்.

எலக்ட்ரிக் காண்ட்ராக்டரின் மனைவியை வயரிங் அக்கா என்பார்கள். எர்த் கம்பி எத்தனை அடி ஆழம் இறங்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அவள் வீட்டுக் குளியலறைச் சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும்.

இவளுக்கு இது மூன்றாவது புதுப்பித்தல். படிக்கட்டின் உயரம், கைப்பிடிச் சுவர், கழிவுநீர்க் குழாயின் சரிவு எல்லாம் அத்துப்படி. போன தடவை நாற்பதுக்கு நாற்பது. அந்தச் சான்றிதழை அவர் கண்ணாடி போட்டு வீட்டு முன்னறை ஆபீசில் மாட்டினார். வருகிறவர்களிடம் விழுந்து விழுந்து படித்ததாக வேறு சொன்னார். சொல்லும்போது அவரே நம்பிவிடுவார்.

இன்று மாலை ஐந்து மணியோடு லைசென்ஸ் முடிகிறது. நாளைக் காலை புது வீடு ஒன்றுக்கு நிறைவுச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் கையெழுத்து செல்லாது. அது இல்லாமல் அந்தக் குடும்பம் குடிவர முடியாது.

முப்பது விடை சரியாக இருந்தால் தேர்வில் பாஸ். கடைசிக் கேள்வி மட்டும் தனி. அது உயிர் காக்கும் விதி பற்றியது. அதில் தவறினால் மற்ற முப்பத்தொன்பதும் சரியாக இருந்தாலும் ஃபெயில்தான். மறுபடி எழுத ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடம் அவர் செங்கல்லை வேடிக்கை மட்டும்தான் பார்க்கலாம்.

போன் அடித்தது. அவர்தான்.

"என்னம்மா, பாஸாயிட்டேனா?"

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. படுக்கையறை ஜன்னல் கம்பி."

அந்தப் பக்கம் டிரில்லிங் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ எதைப் போட்டாலும் சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

தீப்பிடித்தால் ஆள் வெளியேற, படுக்கையறை ஜன்னல் கம்பி எப்படி இருக்க வேண்டும்? அ: நான்கு பக்கமும் சுவரோடு சேர்த்துப் பற்றவைத்திருக்க வேண்டும். ஆ: சாவி இல்லாமல் உள்ளேயிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். இ-யும் ஈ-யும் சும்மா ஒப்புக்குச் சப்பாணி.

போன தடவையும் இதே கேள்வி வந்தது. அன்று சாப்பாடு போடும்போது அவரிடம் சொன்னாள், அறைக்கு ஒரு ஜன்னலாவது உள்ளேயிருந்து திறக்க வேண்டுமாமே என்று. அவர் மென்றபடியே சிரித்தார்.

"அது பரீட்சைக்கும்மா. வீட்டுக்குத் திருடன்ல வருவான்."

அவளும் சிரித்தாள்.

அப்போது அவர் கட்டிக்கொண்டிருந்தது அவள் தங்கையின் வீடு.

தங்கை தனி ஆள். தானே சம்பாதித்துக் கட்டிய வீடு. குடிபோன அன்று ஒவ்வொரு ஜன்னலாகப் போய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஆட்டினாள். அத்தான் கட்டியது, யானை முட்டினாலும் அசையாது என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அசையவில்லை. ஹாலில் தீப்பிடித்த அந்த மதியம், அக்கம்பக்கத்து ஆட்கள் நான்கு பேர் வெளியிலிருந்து கடப்பாரை போட்டு நெம்பியும் அசையவில்லை. எல்லாம் அணைந்த பிறகு பார்த்தபோது ஜன்னல் முழுக்கக் கரி. இரண்டு கம்பிகளில் மட்டும், கைப்பிடி அளவுக்கு, கரி படியாமல் இருந்தது.

துக்க வீட்டில் அவர்தான் அதிகம் அழுதார். உண்மையாகவே அழுதார்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், ஜன்னல் கம்பிக்குக் கீல் வைத்து, தாழ்ப்பாள் வைத்துத்தான் கொடுத்தேன் என்றார். அதிகாரி சுவரிலிருந்த சான்றிதழை எட்டிப் படித்தார். நாற்பதுக்கு நாற்பது வாங்கியவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை என்று எழுதிக்கொண்டார். குடியிருந்தவரே பிற்பாடு கம்பியைச் சுவரோடு பற்றவைத்திருக்கலாம் என்றும் எழுதிக்கொண்டார். இல்லை என்று சொல்லத் தங்கை இல்லை.

அவள் இருந்தாள். அதிகாரிக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

நேற்று அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போனபோது, நாளை கையெழுத்தாகிற வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஏழு ஜன்னல். ஒன்றிலும் கீல் இல்லை. பின்பக்கச் சின்ன அறையில், யாரோ ஒரு குழந்தை சுவரில் தன் உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது.

மணி நாலே முக்கால்.

ஆ-வின் மேல் நின்றிருந்த அம்புக்குறியை ஒரு வரி மேலே நகர்த்தி, அழுத்தினாள்.

மூன்று தடவை அவர் பெயரில் தேர்வு எழுதியிருக்கிறாள். அவருடைய பதிலை எழுதியது இதுதான் முதல் தடவை.